தானாக நின்றவர்

ரொக்ஸ்பரோ,
மாசி, ஞாயிறு

அண்ணாவுக்கு,

அன்புள்ள என்று எழுத மனம் வரவில்லை. நீங்கள் சுகம் என்று மச்சாள் சொன்னா. நாங்கள் சுகமில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்ட்டில் இருந்துகொண்டு தொலைபேசியை எடுக்காமல் விடுகிறீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

இவருக்கு வேலையிழப்புக் காப்புறுதிக் காசு இல்லை என்று பதில் வந்துவிட்டது. உங்கள் ரோல்ஸ் பலகாரத் தொழிற்சாலையில் மாலை ஷிப்டை மூடி இவரை வீட்டுக்கு அனுப்பியது நீங்கள். ஆனால் அரசாங்கத்துக்குப் போன பத்திரத்தில் 'தானாக விலகினார்' என்று போட்டிருக்கிறீர்கள். சொந்த மச்சானையே நிறுத்திவிட்டான் என்று ஆட்கள் கதைப்பார்களாம், இவருக்கும் மரியாதைக் குறைவாம். இவரும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். உங்கள் இருவருடைய மரியாதையையும் வைத்து நான் என்னத்தைச் சமைப்பது?

கொரோனா நேரம் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்களே என்று மச்சாளிடம் சொன்னீர்களாம். அந்தச் சலுகைகள் முடிந்து எவ்வளவு காலம். இப்போது தக்க காரணம் இல்லாமல் தானாக விலகியவருக்கு ஒன்றும் கிடையாது. காப்புறுதி அலுவலகப் பெண் பிரெஞ்சில் சொன்னதை மகள் தனுஷா தமிழில் சொன்னாள். மகளுக்கு முன்னால் இவர் குனிந்தபடி இருந்தார். ஆட்களை வைத்து வேலை வாங்குகிற உங்களுக்குச் சட்டம் தெரியாது என்றால் நான் நம்ப வேண்டுமா?

கோயிலில் உங்கள் தைப்பூச உபயத்தில் வேறு, "மச்சான் வேலையில இருந்து தானா நிண்டவர், சொந்தமாத் தொழில் தொடங்கப்போறார்" என்று எல்லோருக்கும் சொன்னீர்கள். இவர் பக்கத்தில் நின்று பஞ்சாமிர்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். இப்போது கடையில் காண்பவர்கள் என்ன தொழில் என்று மறித்துக் கேட்கிறார்கள். இவர் வெளியே போவதையே விட்டுவிட்டார்.

நேற்று அருமைநாதனின் மனைவியைக் கண்டேன். அருமைநாதனையும் அதே நாளில்தான் நிறுத்தினீர்கள். அவருக்கு 'வேலை குறைவு' என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறீர்கள், காசு வருகிறது. உங்கள் தங்கையைக் கட்டியதுதான் இவர் செய்த பிழையா? எனக்கு வயிறு எரிகிறது, அண்ணா.

மறுபரிசீலனை கேட்க மாதக் கடைசிவரைதான் நேரம். அதற்குள் பத்திரத்தைத் திருத்தி அனுப்புங்கள். இல்லாவிட்டால் நடந்ததை அந்த அலுவலகத்தில் நானே போய்ச் சொல்லுவேன். பிறகு கோயிலில் யார் என்ன கதைத்தாலும் என்னைக் குறை சொல்ல வேண்டாம்.

முருகன் உங்களையும் பிள்ளைகளையும் நன்றாக வைத்திருக்கட்டும். சொந்தம் என்று நீங்கள் செய்தது எங்களுக்குப் போதும். இந்த ஒரு தடவை எங்களைப் பிறத்தியார் என்று நினைத்து எழுதிவிடுங்கள்.

உங்கள் தங்கை,
தாட்சாயினி