கை நனைக்காத வீடு

எலும்பு முறிவு வார்டு, திருப்பூர்
7.7.2025

அன்புள்ள மதினிக்கு,

அனுசுயா எழுதுகிறேன். நலம் என்று எழுத வழியில்லாத இடத்தில் கிடக்கிறேன். நீங்களும் பாப்பாவும் நன்றாக இருப்பீர்கள்.

நான் போன் செய்தால் நீங்கள் ஒரு வார்த்தை பேசாமல் அண்ணன் கையில் கொடுத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி யார் கையிலும் தள்ள முடியாது. அதனால்தான் அண்ணனிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். கோபப்படுவதானால் முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது பின்னால் வந்த வண்டி இடித்து என் கால் முறிந்தது உங்களுக்குத் தெரியும். காலைவிட வயிறுதான் இப்போது பெரிய பாடு. கோதுமை, மைதா, ரவை எது கொஞ்சம் உள்ளே போனாலும் என் குடல் புண்ணாகிவிடும். சீலியாக் என்று அதற்குப் பேர். இங்கே சேர்ந்த அன்றே எல்லாரிடமும் சொன்னேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். மறுநாள் காலையில் கோதுமை ரவைக் கஞ்சி வந்தது.

எனக்கு அரிசிக் கஞ்சி வேண்டும் என்றேன். சாப்பாடு கொண்டுவரும் மருதாள் அக்கா தங்கமானவர், உடனே கொண்டுவந்தார். ஆனால் கோதுமைக் கஞ்சி வாளியில் கிடந்த அதே கரண்டியால் ஊற்றினார். "எல்லாம் கஞ்சிதானுங்க கண்ணு, குடிச்சாத்தான் தெம்பு வருமுங்க" என்றார். பசி காதை அடைத்தது. குடித்துவிட்டேன். அன்றிலிருந்து வாந்தியும் பேதியும்தான்.

பார்க்க வருகிறவர்களும் பன், ரஸ்க், பிஸ்கட் என்று அடுக்கிவிட்டுப் போகிறார்கள். தலைமாட்டில் ஒரு பேக்கரியே வைத்துக்கொண்டு பட்டினி கிடக்கிறேன்.

ரத்தம் ரொம்பக் குறைந்துவிட்டதாம். அது ஏறினால்தான் காலில் பிளேட் வைக்க முடியும், ரொம்பத் தள்ளிப்போனால் எலும்பு கோணலாகச் சேர்ந்துவிடும் என்கிறார் டாக்டர். பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் நாள் முழுக்க நின்று குறை பார்க்கிற வேலை எனக்கு. கோணல் காலோடு அங்கே நிற்க முடியுமா?

நாங்குநேரியிலிருந்து அம்மாவால் வர முடியாது. ஹாஸ்டலில் அடுப்புப் பற்றவைக்க விடமாட்டார்கள். இந்த ஊரில் எனக்கென்று இருப்பது வேலம்பாளையத்தில் உங்கள் வீடு ஒன்றுதான். சோறும் ஒரு காயும் போதும் மதினி. கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது.

அனுசுயா


வேலம்பாளையம்
8.7.2025

அனுசுயாவுக்கு,

அன்புசெல்வி எழுதுவது. சாப்பாடு அனுப்பியிருக்கிறேன். ஆறுவதற்குள் சாப்பிடு.

மனசில் இருப்பதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. என் மகள் காதுகுத்துக்குச் சொந்தபந்தமெல்லாம் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, அத்தைக்காரி நீ ஒரு மூலையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிட்டாய். எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. பகையாளிதான் அப்படிச் செய்வான். "என்னளா, உன் நாத்தனா சோத்து டப்பாவத் தூக்கிட்டு வந்திருக்கா, நம்ம வீட்டுச் சோறு அவளுக்கு ஆகாதோ" என்று என் அம்மா எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்டாள். நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வேன்?

கோதுமை ஆகாது என்றாய், சரி. நான் பூரியா போட்டேன்? சோறும் சாம்பாரும்தானே போட்டேன். அதில் எங்கே வந்தது கோதுமை?

அது அப்படியே இருக்கட்டும். கால் ஒடிந்து கிடக்கிறவளைப் பட்டினி போடுகிற குடும்பத்தில் நான் பிறக்கவில்லை. சப்பாத்திக் கட்டையை அடுப்படியை விட்டே எடுத்துவிட்டேன். சட்டி, கரண்டி எல்லாம் இரண்டு தடவை தேய்த்தேன். ரசம் நம் ஊர்ப் பக்குவத்தில் வைத்திருக்கிறேன், ஊற்றிக் குடி. வயிற்றுக்கு இதமாக இருக்கும்.

அன்புசெல்வி


மருத்துவமனை
9.7.2025

அன்புள்ள மதினிக்கு,

தூக்கைத் திறந்ததும் வார்டு முழுக்க ரச வாசனை. பக்கத்துப் படுக்கையில் குன்னத்தூர்க்காரர், பூவாத்தாள் அக்கா என்று பேர், இடுப்பு எலும்பு விரிசல். "ஏனுங்க, உங்க ஊட்டு ரசமுங்களா? மணம் இங்க வரைக்கும் வருதுங்களே" என்று எட்டிப் பார்த்தார். என் மதினி வைத்தது என்று பெருமையாகச் சொன்னேன்.

வயிறு இன்னும் நேராகவில்லை. ஆஸ்பத்திரிக் கஞ்சியின் மிச்சமாக இருக்கும். நீங்கள் மனசைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கைச்சோறு கிடைத்ததே எனக்குப் பெரிது.

அனுசுயா


வேலம்பாளையம்
11.7.2025

அனுசுயா,

உன் அண்ணனுக்கு எதையும் மறைக்கத் தெரியாது. நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் முகமே சரியில்லை. துருவிக் கேட்டதில் கக்கிவிட்டார். என் ரசமும் சாம்பாரும் அந்தக் குன்னத்தூர் அம்மா தட்டில் போகிறதாம். நீ வெறும் சோற்றில் மோரை ஊற்றிச் சாப்பிடுகிறாயாம்.

எனக்குத் தாலி கட்டின நாளிலிருந்து உன்னைப் பார்க்கிறேன், இப்படி ஒரு அழுத்தக்காரியை நான் கண்டதில்லை. விடியுமுன் எழுந்து புளி கரைத்து, மிளகு சீரகம் தட்டி, பாப்பாவை அழவிட்டு அடுப்படியில் நின்றேன். நீ மணமாக இருக்கிறது என்று எனக்கு எழுதிவிட்டு அடுத்தவர் தட்டில் ஊற்றுகிறாய். செக்கிங் பார்த்துப் பார்த்து உனக்கு எதைத் தொட்டாலும் குறைதான். பனியனில் குறை கண்ட இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டுகிற மாதிரி என் சமையலிலும் எங்கே ஒட்டலாம் என்று பார்க்கிறாய்.

காதுகுத்தில் தள்ளினாய், பொறுத்தேன். இப்போது நீயே கேட்டு வாங்கித் தள்ளுகிறாய். காரணத்தை எழுது. எழுதாவிட்டால் நாளையிலிருந்து தூக்கு வராது.

அன்புசெல்வி


மருத்துவமனை
11.7.2025

அன்புள்ள மதினிக்கு,

அண்ணனைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அவசரமாக எழுதுகிறேன். கையெழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சமையலில் குறை இல்லை. பெருங்காயம்தான் மதினி. உங்கள் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தப் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் கோதுமை மாவு என்று போட்டிருக்கும். வெறும் பெருங்காயப் பிசினை யாரும் வீட்டுக்கு விற்பதில்லை, மாவு கலந்துதான் கட்டியாக்குகிறார்கள். உங்கள் கல்யாணத்துக்குப் பிறகு இந்த வியாதி வந்து, எதைத் தின்றாலும் வயிறு பிடுங்கி, ஒவ்வொரு டப்பாவாகத் திருப்பித்தான் நானே இதைத் தெரிந்துகொண்டேன்.

காதுகுத்து அன்றைக்கும் அதுதான். அத்தனை சொந்தக்காரர்கள் நடுவில் உங்களைக் கூப்பிட்டு, சாம்பாரில் என்ன போட்டீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கொண்டுவந்த சோற்று டப்பாவைத் திறந்தால் பேசாமல் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அது உங்களை இவ்வளவு அவமானப்படுத்தும் என்று அன்று தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய முதல் நாள் ரசத்தை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. மூடியைத் திறந்ததுமே பெருங்காய வாசனை தெரிந்தது. தெரிந்தே குடித்தேன். இவ்வளவு நாள் கழித்து உங்கள் கையால் வந்ததை இன்னொரு தடவை தள்ள எனக்கு மனசு வரவில்லை. அதற்குப் பிறகு உடம்பு தாங்கவில்லை. ஆபரேஷனையும் தள்ளிவைத்துவிட்டார்கள். அதனால்தான் பூவாத்தாள் அக்கா தட்டில் ஊற்றினேன்.

சொன்னால் நீங்கள் மறுபடி பேசாமல் போய்விடுவீர்களோ என்று பயந்தேன். இப்போது சொல்லிவிட்டேன்.

அனுசுயா


வேலம்பாளையம்
12.7.2025

அடி பைத்தியக்காரி,

தெரிந்தே குடித்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். என் கோபத்துக்குப் பயந்து எவளாவது ஆகாததைக் குடிப்பாளா? நான் ஆயிரம் பேசுவேன். அதற்காக நீ குடலைப் புண்ணாக்கிக்கொள்வாயா? வா, கால் சரியானதும் உன்னை வைத்துக்கொள்கிறேன்.

டப்பாவைப் பார்த்தேன். நீ சொன்னது சரி. இத்தனை வருடம் கையில் எடுக்கிறேன், ஒரு நாள் திருப்பிப் பார்த்ததில்லை. மளிகைக்கடையில் போய் இருந்த பெருங்காயத்தையெல்லாம் இறக்கச் சொல்லிப் படித்தேன். கடைக்கார அண்ணாச்சிக்குப் பொறுமை போய்விட்டது. அரிசி மாவு போட்டதும் ஒன்று இருந்தது. ஆனால் எனக்கு இனி எந்த டப்பாவையும் நம்ப மனசில்லை. பெருங்காயத்துக்குப் பதில் பூண்டை நாலு பல் கூடத் தட்டிப் போட்டிருக்கிறேன்.

இன்றைக்கு வருகிற தூக்கு புதுசு. சோற்றுச் சட்டி, கரண்டி, வடிதட்டு எல்லாம் புதுசு. எல்லாப் பிடியிலும் சிவப்புப் பனியன் துணி கட்டியிருக்கிறேன். சிவப்புக் கட்டினதில் உனக்குத் தவிர யாருக்கும் சமைக்கமாட்டேன். உன் அண்ணன் பரோட்டா வாங்கி வந்தால் மொட்டைமாடியில் போய்த் தின்றுவிட்டு, கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். முனகிக்கொண்டே போகிறார்.

பூவாத்தாள் அக்காவுக்குப் பெருங்காயம் போட்ட ரசம் தனி டப்பாவில் வருகிறது. ருசி பழகிவிட்டதாமே. அதை நீ தொடாதே.

என் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். "கேட்டிருந்தா அன்னைக்கே தனியா வச்சிருப்பமேளா" என்று அவளும் வருத்தப்பட்டாள்.

உன் மதினி
அன்புசெல்வி


மருத்துவமனை
24.7.2025

அன்புள்ள மதினிக்கு,

நாளைக் காலையில் ஆபரேஷன். ரத்தம் ஏறிவிட்டது. டாக்டர் ரத்தம் சோதித்த சீட்டைப் பார்த்துவிட்டு என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். சிவப்புத் துணி கட்டின தூக்கைக் காட்டினேன். மருதாள் அக்கா இப்போது என் கட்டில் பக்கம் கஞ்சி வாளியையே கொண்டுவருவதில்லை. "அந்தக் கண்ணுக்கு ஊட்டுச் சாப்பாடுங்க" என்று புதிதாக வருகிற நர்சுக்கும் அவரே சொல்லிவிடுகிறார்.

இத்தனை நாளும் ஸ்டிக்கர் ஒட்ட இடம் தேடினேன் மதினி. கிடைக்கவில்லை. நேற்றுப் பொரியலில் மட்டும் உப்பு ஒரு கல் கூட. திட்டாதீர்கள், தின்று தீர்த்துவிட்டேன்.

டிஸ்சார்ஜ் ஆனதும் ஹாஸ்டலுக்குப் போகவில்லை. நேரே உங்கள் வீட்டுக்குத்தான் வருகிறேன். டப்பா எதுவும் எடுத்து வரமாட்டேன். உங்கள் அம்மாவையும் வரச் சொல்லுங்கள். அவர் பார்க்கும்படி உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். நாளை ஆபரேஷன் முடிந்ததும் அண்ணன் உங்களுக்குப் போன் போடுவார். நான் மயக்கம் தெளிந்திருந்தால் போனை என் காதில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். பாப்பா கையில் கொடுத்துவிடாமல் நீங்களே பேசுங்கள்.

அனுசுயா