சாம்பல் வண்டியின் பின் சீற்

ஒக்டோபர் 25, சனி

மழை. ஆக்லாந்தில், மனுக்காவ் பக்கத்திலிருந்து சாய்வாக அடிக்கும் மழை. துணி காயாது. தமிழ் வகுப்புக்குப் போகும்போதே காலுறை நனைந்துவிட்டது.

இன்று செய்ய வேண்டியவை:
கட்டுரை, "எனக்குப் பிடித்த பருவகாலம்". (எழுதவில்லை. பிடித்த பருவகாலம் நான் இன்னும் பார்க்காத ஒன்று. அதை எழுதினால் ஆசிரியை சிரிப்பார்.)
நூலகப் புத்தகங்கள் திருப்பிக் கொடுக்க. இரண்டு இன்னும் முடியவில்லை.
அப்பாவுக்கு வண்டி வாசிக்க.

மூன்றாவதுதான் முக்கியம். கனடாவில் சட்பரியில் சித்தப்பா, அப்பாவின் தம்பி. தனி ஆள். ஜனவரியில் அண்ணனும் தம்பியும் ஸ்னோமொபைலில், பனிமேல் ஓடும் மோட்டார் வண்டியில், பனிப்பாதை வழியே நீண்ட பயணம் போகிறார்கள். பகல் முழுக்க ஓட்டம், இரவில் வழியிலுள்ள விடுதி, மறுநாள் அடுத்த ஊர். சித்தப்பாவிடம் பழைய வண்டி ஒன்று, ஓராள் வண்டி. அப்பாவுக்குப் புதிது வாங்க வேண்டும். இங்கே ஒனிஹங்காவில் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் திருத்துகிறவர் என்பதால் எது என்று அப்பாதான் சொல்ல வேண்டுமாம்.

அப்பாவின் முறை: சட்பரிக் கடையில் நிற்கும் சிவப்பு, நீல வண்டிகளின் கையேடுகளை நான் வாசிக்க வேண்டும். அவர் சோபாவில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தூங்குகிறார் என்று நினைத்து நிறுத்தினால், "ம், எண்ணெய்த் தொட்டி எவ்வளவு எண்டது?" என்பார்.

அவருக்குச் சிவப்பு வண்டியில் கண். ஓராள் வண்டி. பாரம் குறைவு. "பனியில புதைஞ்சால் ஒராள் இழுத்து எடுக்கலாம்."

ஆனால் இன்று வாய் தவறிச் சொன்னார்: "ரெண்டு பேர் வண்டி எண்டால் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போகலாம்."

ஒருத்தர் = நான். வேறு யார்? மூன்று பேருக்கும் விமானச் சீட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. அம்மா புக்கெகோஹியில் மரக்கறி பொதி செய்யும் இடத்தில், குளிர் அறையில், கரட் பெட்டிகளோடு நிற்பவர். பயணத்தைப் பற்றி அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "வருசம் முழுக்கக் குளிருக்குள்ள வேலை. பிறகு லீவு எடுத்துக்கொண்டும் குளிருக்கே போறதோ? விசரே?"

தமிழ் வகுப்பில் தோழி நிவேதாவிடம் சொன்னேன்.
"ஏய், இங்க பனியே பெய்யாது. நீ எதுக்குடி அதைப் பத்தி இவ்ளோ பேசுற?"
"கனடாவிலை."
"ஆமா, கனடா. பாஸ்போர்ட் எக்ஸ்பைரி பாத்தியா முதல்ல?"
பார்த்தேன். இருக்கிறது.

தமிழில் எழுதினால் பள்ளியில் யாரும் எட்டிப் பார்த்து வாசிக்க முடியாது. வீட்டில் முடியும். ஆகவே தலையணை உறைக்குள்.

ஒக்டோபர் 26, ஞாயிறு

மழை விட்டது. காற்று மட்டும்.

காலை முழுதும் அப்பாவோடு வாதம். நான் வென்றேன் என்று நினைக்கிறேன். சொன்னவை:
நீண்ட தூரத்துக்குப் பாரம் குறை அல்ல. பாரமான வண்டி கட்டிப்பனியில் துள்ளாது.
சிவப்பு வண்டியின் எஞ்சின் பெட்ரோலோடு எண்ணெயையும் எரிக்கும். நீல வண்டி எரிக்காது. சத்தமும் குறைவு. தொட்டியும் பெரிது. காட்டுக்குள் பெட்ரோல் நிலையம் தூரத்துக்கு ஒன்றுதான்.
எனக்கே புதிதாகத் தெரிந்தது: எஞ்சினைக் குளிர வைப்பது வண்டி கிளப்பும் பனித்தூள்தான். பாதை ஐஸாக இறுகிவிட்டால் தூள் எழாது, எஞ்சின் சூடாகிவிடும். அதற்காக ஐஸைக் கீறிவிடும் கம்பி ஒன்று உண்டு. நீலத்தில் உண்டு. சிவப்பில் தனியாகப் பூட்ட வேண்டும்.

அப்பா கண்ணைத் திறந்தார். "குளிருக்குள்ள சூடாகுமோ?" பிறகு சோபாவில் எழுந்து உட்கார்ந்தார். "சரி. நீலம்."

நீலத்துக்குப் பின் சீற் உண்டு!!

ஆனால் கையேட்டில் ஒரு வரி. வாசிக்காமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம். வாசித்தேன். பின்னால் இருப்பவரின் பாதம் முழுதும் கால்தட்டில் பதிய வேண்டும். பதியாவிட்டால் ஏற்றக் கூடாது.

அப்பா என் காலைப் பார்த்தார். "வா கராஜுக்கு."

ஆக்லாந்தில் ஸ்னோமொபைல் கடைக்கு எங்கே போவது? கராஜில் நாங்களே செய்தோம். பால் கிரேட் பெட்டிகள், மேலே பலகை, அதன் மேல் சோபா மெத்தை. கைப்பிடிக்கு என் பழைய சைக்கிளின் ஹாண்டில். கால்தட்டுக்குப் பெயின்ற் தகரம். கையேட்டு அளவுகளை நான் சொல்ல, அப்பா அளவு நாடாவோடு. நீலத்தின் கால்தட்டை உயர்த்தலாம், தாழ்த்தலாம். உயர்த்திய அளவில் தகரத்தை வைத்தோம்.

ஏறினேன். அப்பாவுக்குப் பின்னால். கால் பதிந்தது. குதிகால் உட்பட.

"உன்ர காலுக்கெண்டே செய்திருக்கிறாங்கள்," என்றார். அம்மா, துணி தோய்க்கும் லோண்டரி அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "மெத்தையை ஊத்தையாக்காதேங்கோ," அவ்வளவுதான்.

ஒக்டோபர் 27, திங்கள்

இந்த நாட்டுத் தொழிலாளர் தின விடுமுறை. வெயில், குளிர்காற்று.

இன்று முற்பணம் கட்டுவதாக இருந்தது. அம்மாதான் காலண்டரைப் பார்த்து நேரம் குறித்தார். ராகு காலம் கழித்து, காலை. சாமிப் படத்துக்கு விளக்கு. பயணமே விசர் என்றவர் ஏன் இவ்வளவு அக்கறை என்று தோன்றியது. கேட்கவில்லை.

சித்தப்பாவோடு வீடியோவில்.

"அண்ணி, இஞ்ச ஞாயிற்றுக்கிழமை. கடை பூட்டு."
"இண்டைக்குத் திங்கள் எல்லோ?"
"உங்களுக்குத் திங்கள். எங்களுக்கு அது இன்னும் வந்து சேரேல்லை."
அம்மா காலண்டரைப் பார்த்தார். "நாளைக்குச் செவ்வாய். வேண்டாம்."
"உங்கட செவ்வாய் எனக்குத் திங்கள், அண்ணி. நான்தானே கட்டப்போறன்?"
"ஓடப்போறது ஆர்? உம்மட அண்ணை. அவருக்கு எந்த நாளோ அதுதான் நாள்."
"அப்ப புதன்."
"புதன் நல்லது."
"உங்கட புதன் எனக்குச் செவ்வாய்." சித்தப்பா சிரிக்கிறார்.
அம்மா சிரிக்கவில்லை. யோசித்தார். "காசு குடுக்கிற கைக்கும் செவ்வாய் கூடாது. வியாழன் பாப்பம்."
அப்பா: "ஒரு செவ்வாய் ரெண்டு நாளைத் திண்டிட்டுது."

நான் சொன்னேன், கடையில் நீலம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம், உடனே கட்டினால் நல்லது என்று. ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன், அவசரத்தில். அம்மா, "பெரிய ஆக்கள் கதைக்கேக்க..." என்று நிறுத்திக்கொண்டார்.

ஒக்டோபர் 28, செவ்வாய்

தூறல். கணிதச் சோதனை, பரவாயில்லை. கடைசிப் பாடத்துக்கு ஆசிரியர் வரவில்லை, நேரத்துக்கு முன்பே வீடு.

இதை எழுதலாமா தெரியவில்லை.

பின்பக்கமாக வந்தேன். லோண்டரிக் கதவு பாதி திறந்திருந்தது. கராஜில் பேச்சுச் சத்தம். அப்பா பலகை வண்டியில், சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்தபடி. அவருக்குப் பின்னால் அம்மா. வேலைக்குப் போட்ட தடித்த காலுறையோடு. தகரத்தைக் காணோம். வெறும் நிலத்தில் இரண்டு செங்கல், அதில் கால்.

"கை எங்க பிடிக்கிறது?"
"பக்கத்தில பிடி இருக்குமாம். இல்லாட்டி என்னைப் பிடியும்."
"உங்களைப் பிடிச்சுத்தானே இவ்வளவு தூரம் வந்தது." ஆனால் பிடித்தார்.
அப்பா வாயால் எஞ்சின் சத்தம் போட்டார். வ்ர்ரும் என்று, சின்னப் பிள்ளை மாதிரி. வளைவுக்குச் சாய்ந்தார். அம்மாவும் சாய்ந்தார்.
"கெதியா," என்றார் அம்மா. "இன்னும் கெதியா ஓட்டுங்கோ."

அம்மா அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. மூச்சு வாங்கும் சிரிப்பு.

சத்தமில்லாமல் திரும்பி, முன்வாசலுக்குப் போய், மணியை அடித்தேன். அப்போதுதான் வந்தவள் போல.

ஒக்டோபர் 29, புதன்

வானிலை கவனிக்கவில்லை.

ஒன்றும் வாசிக்க ஓடவில்லை. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப. நகம் கடித்தேன், விட்டிருந்த பழக்கம்.

பின் சீற்றில் போகலாம் என்று எனக்குத்தான் முதலில் தோன்றியது. கையேடுகளை வாசித்தது நான். நீலம் என்று ஆக்கியது நான். அம்மா ஒரு பக்கம்கூட வாசிக்கவில்லை.

அம்மா இந்த நாட்டில் போன இடங்கள்: புக்கெகோஹி. கோயில். கடை. ஒருமுறை ரொட்டோருவா, அதுவும் என் பள்ளிச் சுற்றுலாவுக்குத் துணையாக, பஸ்ஸில் வாந்தி எடுத்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள.

இதை ஏன் எழுதினேன்.

அம்மா வாய் திறந்து கேட்கவேயில்லையே. கேட்காதவருக்கு எப்படிக் கொடுப்பது? நீலத்தில் நானும் ஏறலாம், அம்மாவும் ஏறலாம். யார் என்று அப்பா சொல்வாரா? சொல்லமாட்டார். கண்ணை மூடிக்கொள்வார்.

இரவுச் சாப்பாடு புட்டும் கத்தரிக்காயும். அம்மா என் சாப்பாட்டுக் கோப்பையில் கூடுதலாகப் போட்டார். ஆத்திரமாக வந்தது.

ஒக்டோபர் 30, வியாழன்

வெயில். நல்ல நேரம். விளக்கு. சித்தப்பா.

"அண்ணை, நீலம் வித்துப்போச்சுது. நேற்றுப் பின்னேரம் ஒருத்தன் வந்து ஏத்திக்கொண்டு போட்டான்."

நேற்று என்றால் அவருடைய செவ்வாய்.

அம்மா கதிரையில் இருந்தார். வேலைக்குப் போகும் உடுப்போடு, கார்த் திறப்புக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு.
"நான்தான்," என்றார். "நாள் பாத்துப் பாத்து."
"சேச்சே, அண்ணி. சிவப்பு நிக்குது. சாம்பல் ஒண்டும் நிக்குது, ரெண்டு பேர் வண்டி. வேற நீலம் வேணுமெண்டால் பெப்ரவரியிலதானாம்."

பெப்ரவரியில் அப்பாவுக்கு லீவு முடிந்துவிடும். பள்ளியும் தொடங்கிவிடும்.

அப்பா என்னைப் பார்த்தார். "பிள்ளை, ரெண்டையும் வாசிச்சு நீ சொல்லு. சனிக்கிழமை சொல்லு. நீ எதைச் சொல்லுறியோ அதுதான். நான் இனி யோசிக்கமாட்டன்."

ஒக்டோபர் 31, வெள்ளி

பள்ளி முடிந்து நேராகக் கராஜ். சாம்பல் வண்டியின் கையேடு, அளவு நாடா.

சாம்பல்: நீலத்தின் எஞ்சின் வகைதான். கீறும் கம்பி உண்டு. காற்றுத் தடுப்புக் கண்ணாடி உயரம். பின் சீற் அகலம், முதுகுச் சாய்வு, சீற்றும் பின் கைப்பிடியும் சூடாகும். நீலத்தை விட நல்லது என்றே சொல்ல வேண்டும்.

கால்தட்டு: தாழ்வு. உயர்த்த முடியாது.

அளந்தால் சரியாக அந்த இரண்டு செங்கல் உயரம்; அவற்றையே வைத்து ஏறிப் பார்த்தேன். கால் தொங்கியது. தடித்த பூட்ஸ் போட்டேன். பெருவிரல் மட்டும். முடியாத இரண்டு நூலகப் புத்தகங்களையும் காலின் கீழ் வைத்தேன். எட்டியது! ஒரு நிமிடம் சந்தோஷம். பிறகு வளைவுக்குச் சாய்ந்தேன். புத்தகம் சறுக்கி எண்ணெய்க் கறையில் விழுந்தது. நூலகத்துக்கு என்ன சொல்வது.

அம்மாவின் கால் எட்டும். பார்த்தேனே.

ஆக:
சிவப்பு: அப்பா மட்டும்.
சாம்பல்: அப்பா, அம்மா.
நான்: இரண்டிலும் இல்லை.

சிவப்பு நல்ல வண்டிதான். பாரம் குறைவு, திருப்ப எளிது, கம்பியைத் தனியாகப் பூட்டலாம், அப்பாவின் முதல் ஆசையும் அதுவே. ஒரு பொய்யும் சொல்லாமல் சிவப்பு என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது. அதுதான் பயமாக இருக்கிறது.

நவம்பர் 1, சனி

மேகம். மழை இல்லை.

காலை உணவின்போதே சொன்னேன்.
"சாம்பல்."
அப்பா: "ஏன்?"
சொன்னேன். எஞ்சின், கம்பி, கண்ணாடி, சூடாகும் சீற். மூச்சு விடாமல். அம்மா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டும் சத்தம் நின்றது.
"உன்ர கால்?" என்றார் அப்பா.
"எட்டாது."
"பாத்தனியோ?"
"ஓம். ரெண்டு தரம்."

அப்பா கண்ணை மூடவில்லை. என்னையே பார்த்தார். நான் மேசையில் கிடந்த பாண் துகள்களை ஒன்று சேர்த்தேன்.

பிறகு சித்தப்பாவைப் போனில் எடுத்தார். "சாம்பல்."
"நல்ல வண்டி, அண்ணை. அப்ப பின்னுக்கு ஆர் வருகினம்?"
அப்பா போனை மேசையில் சாத்தி வைத்தார்.
"ஹலோ? அண்ணை, லைன் போட்டுதோ? பின்னுக்கு ஆர்?"
"நான்," என்றார் அம்மா, குசினியிலிருந்து.
"ஆர்? விளங்கேல்லை."
அம்மா கையில் கத்தியோடு வந்து போனுக்கு முன்னால் நின்றார். கண் சிவந்திருந்தது. வெங்காயமாக இருக்கலாம். "நான்தான். வாறன். ஊருக்கே கேக்கக் கத்தாதையும்."

பிறகு என் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வந்தார். "எனக்கு வகுப்பு," என்று எழுந்துவிட்டேன்.

நிவேதாவிடம் சொன்னேன். முதலில் திட்டினாள். "லூசு, சிவப்புன்னு சொல்லியிருக்கலாம்ல?" கொஞ்ச நேரம் கழித்து: "சரி விடு. அவங்க திரும்பி வர்ற வரைக்கும் எங்க வீட்ல இரு. பாட்டனி டவுன்ஸ் ஏரியா, பக்கத்துலயே மால். ஆனா எங்கம்மா தினம் இட்லிதான், இப்பவே சொல்லிட்டேன்."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். அழவில்லை. கொஞ்சம். ஜனவரி முழுதும் மற்றவர் வீட்டு அறையில். பனி எப்படி மணக்கும் என்று அம்மாவிடம் கேட்க வேண்டியிருக்கும். அம்மா சரியாகக் கவனித்துச் சொல்லமாட்டார்.

பின்னேரம் கதவில் தட்டு. அம்மா.

"பிள்ளை, நித்திரையே?"
"இல்லை."
"கையேட்டில ஒண்டு பாத்துச் சொல்லன். அவ்வளவு குளிருக்க தாலிக்கொடி கழுத்தில குத்துமோ? சுடுமெண்டு ஆரோ சொன்னவை."

கையேடு முழுதும் பார்த்துவிட்டேன். தாலிக்கொடி பற்றி ஒரு வரியும் இல்லை. பயண ஆடைகள் பற்றிய வேறொரு பக்கத்தில் இருக்கிறது: உறைகுளிரில் தோலில் படும் உலோகம் எதுவானாலும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும். இதை வாசித்துச் சொன்னால் அம்மா தாலியைக் கழற்றமாட்டார், பயணத்தைத்தான் விடுவார்.

கதவடியில் அம்மாவின் கால் நிழல் இன்னும் நிற்கிறது.