தும்மல் நிற்கும் வரை

எனக்கு முன்னால் போயிருக்கக் கூடாத என் ராணிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். போய்ச் சேர்ந்தவர்களுக்கு எப்படித் தொடங்குவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. நீ இருக்கிற இடத்தில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தாயி?

உன் முதல் வருஷ நினைவு நாள் வருகிறது. பிள்ளைகளுக்காக நீ தொடங்கிய குடோனுக்கு உதவுகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்கிறார்கள். மாமியார் நாலு வரி எழுதியே ஆகவேண்டும் என்று உன் மகள் அருணா பேனாவைக் கையில் திணித்துவிட்டாள். அவள் மதுரையில் நர்ஸ் படிப்பு முடிக்கப் போகிறாள். சனிக்கிழமை பஸ் ஏறி வந்தால் ஞாயிறு முழுக்கக் குடோனில்தான். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அவள் நடக்கும்போது பின்னாலிருந்து பார்த்தால் நீதான். என் பேத்தி என்று பஸ் கண்டக்டர் வரைக்கும் சொல்லிவிட்டேன்.

இந்தக் குடோனுக்காக உன்னோடு எம்புட்டுச் சண்டை போட்டேன்! பதினெட்டு வயது முடிந்ததும் விடுதியிலிருந்து பிள்ளைகளை அனுப்பிவிடுகிறார்கள், அப்பா அம்மா இல்லாத பெண்பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு எங்கே போகும் என்று கேட்டாய். நம் பழைய மிளகாய் வத்தல் குடோனைக் கேட்டாய்.

"வத்தல் மூட்டை கெடந்த எடத்துல பிள்ளைகளைப் படுக்க வைப்பியா? கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு?"

"கழுவி, சுண்ணாம்பும் அடிச்சாச்சு அத்தை."

"சுவத்தைக் கழுவிருவ. நெடியைக் கழுவ முடியுமா?"

நான் சொன்னதுதான் நடந்தது. புதிதாக வருகிற பிள்ளை உள்ளே காலெடுத்து வைத்ததும் தும்மும். கண்ணிலும் மூக்கிலும் நீர் ஊற்றும். பழகுவதற்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துச் சிரித்தேன். நீயும் சிரித்தாய்.

"நல்லதாப் போச்சு அத்தை. வந்த புதுசுல அழுதா, ஏன்னு யாரும் கேக்க வேண்டாம்ல. வத்தல் நெடின்னு சொல்லிக்கிடலாம்."

அதையே சட்டமாக்கினாய். தும்மல் நிற்கிற வரைக்கும் யாரும் அந்தப் பிள்ளையிடம் எதுவும் கேட்கக் கூடாது. நின்ற பிறகு அதுவாகச் சொல்லும். சோறு கொண்டுவருகிறவருக்கும் சரி, பாடம் சொல்லிக்கொடுக்க வருகிறவருக்கும் சரி, அதே சட்டம்தான்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. அதற்கப்புறம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. உன் செருப்பு அங்கே வாசலில் கிடந்தது என்று சொன்னார்கள். எப்படிப் போவேன்?

ஆனால் குடோன் நிற்கவில்லை, ராணி. பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற முத்துலட்சுமி, நீ இருந்தபோது செய்ததுபோலவே, போக்கிடம் இல்லாத பிள்ளைகளைப் பார்த்துக் கூட்டிவருகிறாள். எண்ணெய் மில் அண்ணாச்சி மாதாமாதம் அரிசியும் எண்ணெயும் இறக்குகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அருணா என்னைக் கையைப் பிடித்து அங்கே இழுத்துக்கொண்டு போனாள். அன்றைக்குத்தான் அது நடந்தது.

காளீஸ்வரி என்று ஒரு பிள்ளை வந்து ரெண்டு நாள்தான் ஆகியிருந்தது. அம்மா பட்டாசுக் கம்பெனி விபத்தில் போய்விட்டாள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து விடுதி. அங்கிருந்து அனுப்பியதும் பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிறது. பந்தியில் உட்கார்ந்து தும்மிக்கொண்டே சோற்றைப் பிசைந்தது. அண்ணாச்சி பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"ஒங்கம்மா எந்தக் கம்பெனியில தாயி? அன்னைக்கு என்ன நடந்துச்சு? நஷ்டஈடு கெடைச்சுதா, எவனும் ஏமாத்திட்டானா?"

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அலைந்து வாங்கிக்கொடுக்கத்தான் கேட்டார். ஆனால் அந்தப் பிள்ளை பிசைந்த சோற்றை வாயில் வைக்கவே இல்லை. எழுந்து தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தது. கை கழுவப் போகிறது என்றுதான் நினைத்தோம். பார்த்தால் பையையும் காணோம், பிள்ளையையும் காணோம்.

அருணாவுக்கு வந்ததே கோபம். "ஒங்க எண்ணெய் டின்னைத் தூக்கிக்கிட்டுப் போங்க மாமா. எங்களுக்கு வேண்டாம்."

அம்புட்டுப் பெரிய மனுஷன், எல்லார் முன்னாலும் முகம் சுருங்கி நின்றார். பிறகு என்னிடம், "அக்கா, வண்டியை எடுக்கேன். நீங்களும் வாங்க" என்றார்.

ஏழாயிரம்பண்ணையில் அந்தப் பிள்ளையின் சித்தி வீடு இருக்கிறது என்று முத்துலட்சுமிக்குத் தெரிந்திருந்தது. வழியெல்லாம் அண்ணாச்சிக்கு வாய் நிற்கவில்லை. "வருவாளாக்கா? கோவமா இருப்பாளா? மன்னிப்புக் கேக்கவா?"

"அண்ணாச்சி, இன்னைக்கு ஒரு நாள் கேள்வியே கேக்காம வண்டியை ஓட்டுங்க."

வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு தூக்குவாளியைத் துலக்கிக்கொண்டிருந்தது பிள்ளை. சித்தி சொன்னாள்: "வேன்காரன்ட்ட பேரு குடுத்தாச்சு. நாளையிலருந்து என் கூட கம்பெனிக்கு வாரா. வேற என்ன செய்யச் சொல்றீக? எனக்கு மட்டும் அனுப்ப ஆசையா?"

காளீஸ்வரியின் அம்மாவைக் கொன்ற அதே பட்டாசு மருந்து வேலை. என்ன பேசுவது? குடிக்கத் தண்ணீர் கேட்டேன். குடித்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டேன். அண்ணாச்சியும் உட்கார்ந்தார். வாயைத் திறப்பார், என்னைப் பார்ப்பார், மூடிக்கொள்வார்.

கடைசியில் காளீஸ்வரிதான் கேட்டாள். "ஏன் பேசாம இருக்கீக? கேக்கத்தான வந்தீக?"

"இல்ல தாயி. கூட்டிட்டுப் போக வந்தோம். வரலைன்னா சாயங்காலம் வரைக்கும் இப்படியே இருந்துட்டுப் போவோம்" என்றேன்.

வாளியைத் தேய்த்துக்கொண்டே, வாளியிடம் சொல்வதுபோல அவள் சொன்னாள்: "அன்னைக்கு அம்மாவுக்கு மேலுக்குச் சொகமில்ல. லீவு போடுறேன்னுச்சு. பள்ளிக்கூடத்துல டூர் போறதுக்குப் பணம் கட்டணும்னு நான்தான் போகச் சொன்னேன்."

ராணி, அந்த இடத்தில் நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சித்திக்கே அது அன்றைக்குத்தான் தெரியும்.

"அடி என் பெத்தவளே, இம்புட்டு நாளா இதையா சொமந்துக்கிட்டுத் திரிஞ்ச?" என்று வந்து, அவள் கையிலிருந்த தூக்குவாளியைப் பிடுங்கிக்கொண்டாள். "நீ இவங்க கூடப் போ. வேன்காரன்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

அந்தச் சித்தி மறுநாள் அதே வேனில் ஏறிப் போயிருப்பாள். அதையும் உன்னிடம் சொல்லத்தான் வேண்டும். அவளுக்கு நாம் என்ன செய்தோம்?

காளீஸ்வரி திரும்பி வந்து, முதலிலிருந்து தும்மினாள். அந்தத் தும்மலைக் கேட்டு நான் பட்ட சந்தோஷம் உனக்குத்தான் புரியும். இப்போது அண்ணாச்சி மில்லில் பில் போடுகிறாள். "சாப்ட்டியா தாயி" என்பதைத் தவிர அவர் வேறெதுவும் கேட்பதில்லை. நானும் தினமும் குடோனுக்குப் போகிறேன். உன் செருப்பு இன்னும் வாசலில்தான் கிடக்கிறது. யாரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

போன வாரம் சிவகாசியிலிருந்து ஒரு அம்மா போர்வைகள் கொண்டுவந்திருந்தார்கள். நல்ல மனுஷி. என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒங்க மருமக எப்படித் தவறினாங்க?" என்று கேட்டார்கள். சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் நீ என் கையைப் பிடித்தது ஞாபகம் வந்துவிட்டது. கண்ணிலிருந்து நீர் கொட்டுகிறது, நிறுத்த முடியவில்லை.

தண்ணீர்ச் செம்போடு வந்த காளீஸ்வரி எங்கள் நடுவில் உட்கார்ந்தாள். "அப்பத்தாவுக்கு இன்னும் தும்மல் நிக்கலம்மா. வத்தல் நெடி. இப்பக் கேக்காதீக" என்றாள்.

வத்தல் வியாபாரிக்கு வாக்கப்பட்டு, அந்த நெடியிலேயே கிழவியானவள் நான். ஒரு நாளும் தும்மியதில்லை. அது அந்தப் பிள்ளைக்கும் தெரியும்.

நெடி போகச் சுவரையெல்லாம் கொத்திப் புதிதாகப் பூசித் தருகிறோம் என்று உதவுகிறவர்கள் சொல்கிறார்கள். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துக் கொடுங்கள், போதும் என்று சொல்லிவிட்டேன். நான் இருக்கிற வரைக்கும் அந்தச் சுவரில் யாரும் கை வைக்க மாட்டார்கள், ராணி. இனிமேல் வருகிற பிள்ளைகளும் அழுவதற்கு அந்த நெடி அங்கேயே இருக்கும். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் அத்தை,
அருணாவுக்கும், இப்போது காளீஸ்வரிக்கும் அப்பத்தா.