எதிரே வந்த பஸ் நிற்கவில்லை

அண்ணா,

இன்று மதியம் கரடியூர் பக்கமிருந்து இறங்கி வந்த கார் ஒன்று நம் லாட்ஜ் வாசலில் நின்றதும், பிரேக் கருகிய வாடை என் மேஜை வரைக்கும் வந்தது. கியரைக் குறைக்காமல் வழியெல்லாம் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்திருக்கிறார் அந்த மனிதர். நீங்கள் இருந்திருந்தால் வெளியே போய் ஒரு வார்த்தை சொல்லியிருப்பீர்கள். லாட்ஜ் வேனை ஓட்டிய காலத்தில் அதற்காக எத்தனை பேரிடம் முறைப்பு வாங்கியிருக்கிறீர்கள்! நான் அறைச் சாவியை மட்டும் கொடுத்து அனுப்பினேன். அப்புறம் வெகுநேரம் உங்கள் நினைப்பாகவே இருந்தது.

சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸுக்காக உங்கள் ஊர் வாழவந்திக்கும் சேலத்துக்குமாக நீங்கள் அலைய ஆரம்பித்ததும் வண்டி ஓட்டக் கூடாது என்றுவிட்டார்கள் டாக்டர்கள். ஓட்டிப் பழகிய கை சும்மா இருக்குமா? மலைப்பாதையில் பஸ் ஓட்டும் செல்போன் கேம் ஒன்றைப் பிடித்துக்கொண்டீர்கள். அதோடு விடாமல், அதற்கு ஒரு விமர்சனமும் எழுதி என்னிடம் கொண்டுவந்தீர்கள். லாட்ஜைப் பற்றி இணையத்தில் வரும் விமர்சனங்களுக்குப் பதில் போடுவது என் வேலை. அதனால் நான் இதிலெல்லாம் பெரிய கெட்டிக்காரி என்று உங்களுக்கு நினைப்பு.

‘கிராபிக்ஸ் வேற லெவல். சவுண்டு அட்டகாசம். கண்ட்ரோல் அருமை. அனைவரும் விளையாடி மகிழவும்.’ இதுதான் நீங்கள் எழுதியது. ஊசி குத்திக் குத்தி வீங்கிப்போன உங்கள் கையைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

“ஏனுங்க அம்மிணி, நீங்களுமா? முந்தாநேத்து ஊட்டுல ரசம் வெச்சன், புளி கரைக்கவே மறந்துட்டன். அதையும் சூப்பருங்கறாங்க. செத்தவனப் பத்தித்தானுங்க நல்லதா மட்டும் பேசுவாங்க. எனக்கு இப்பவே ஆரம்பிச்சுட்டாங்க.”

என் வாய் எப்பேர்ப்பட்டது என்று இந்த ஊருக்கே தெரியும். அன்றைக்கு உங்களுக்கு வேண்டியிருந்தது அந்த வாய்தான். காகிதத்தைத் திரும்ப வாங்கி, நிதானமாகப் படித்தேன்.

“அண்ணா, ‘அருமையான இடம்’னு ஒருத்தர் எழுதுனா எனக்கு அதுல ஒண்ணுமே தெரியறதில்லீங்க. ‘வெந்நீர் வர்றதுக்குள்ள பஸ்ஸு போயிருச்சு’ன்னு எழுதறாரு பாருங்க, அவருதான் உருப்படியா சொல்றாரு. நீங்க சுருக்கமா எழுதியிருக்கறீங்க, அது நல்லாருக்குது. ஆனா இதுல பஸ்ஸும் இல்ல, நீங்களும் இல்ல. ஓட்டறப்ப எந்த எடத்துல உங்களுக்குக் கோவம் வந்துச்சு? அதை எழுதுங்க.”

உங்கள் முகம் சுருங்கிவிட்டது. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனீர்கள். அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று நானும் கலங்கித்தான் போனேன். ஆனால் அடுத்த வாரமே புதிதாக எழுதிக்கொண்டு வந்து நின்றீர்கள்.

‘நான் மேடு ஏறிக்கொண்டிருந்தேன். வளைவில் ஹாரன் அடித்தேன். எதிரே இறங்கி வந்த பஸ் நிற்கவில்லை. எங்கள் மலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி நிற்கும். நின்றவருக்குக் கை காட்டிவிட்டுத்தான் ஏறுகிறவர் போவார். இந்த கேமில் கை காட்ட ஒருத்தரும் இல்லை.’

அதற்குக் கீழேயும் சில வரிகள் இருந்தன; நான் இந்த இடத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன். உங்கள் மகள் அன்றே அதை இணையத்தில் ஏற்றினாள். இரண்டு நாளில் முகம் தெரியாத எவனோ கீழே பதில் போட்டிருந்தான்: ‘பஸ் ஓட்டத் தெரியாதவன் எல்லாம் ரிவ்யூ எழுத வந்துட்டான்.’ எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நீங்களோ கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள்.

“நொம்ப நாளைக்கப்பறம் ஒருத்தன் என்னையத் திட்டறானுங்க அம்மிணி! எனக்குச் சீக்குன்னு இவனுக்குத் தெரியாது.”

அந்த வாரம் முழுக்க அவனோடு மல்லுக்கட்டினீர்கள். உங்களை அவ்வளவு தெம்பாக நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

காரியத்தன்று உங்கள் வீட்டில் எல்லோரும் நல்லதாகவே பேசினார்கள். தங்கமான மனுஷன், கோபமே வராது என்றார் ஒருவர். கோபமே வராதாம், உங்களுக்கு! சண்டை போட வேண்டும்போல் இருந்தது. அழுதுவிட்டு வந்தேன்.

இப்போதும் யாராவது எதையாவது காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டால், அவர்கள் எந்த நிலையில் இருந்தாலும், முழுக்கப் பார்த்துவிட்டு உள்ளதைத்தான் சொல்கிறேன். வலிக்காமல் சொல்ல இன்னும் முழுசாக வரவில்லை. உங்கள் விமர்சனம் இணையத்தில் அப்படியே இருக்கிறது. சற்றுமுன் அதை மறுபடி படித்தேன். கை காட்ட ஒருத்தரும் இல்லை என்கிற இடத்திலேயே நீங்கள் நிறுத்தியிருக்க வேண்டும், அண்ணா. அதற்குக் கீழே சீட்டின் நிறத்தையும் ஹாரன் சத்தத்தையும் பற்றி எழுதியிருப்பதெல்லாம் வெறும் வளவளப்பு. அதை எடுத்துவிடுங்கள்.