பதினேழாம் இதழின் தையல்

ஜூன் 3

மதியத்துக்குள் பெட்டி கட்டி அனுப்பியாயிற்று. விண்வெளியிலிருந்து மூன்று பேரைத் தரையிறக்கும் கலத்துக்கான பாராசூட். பள்ளிக்கூடப் பை தைத்து விற்றவன் இதைத் தைக்கிறான் என்றால் எனக்கே சிரிப்பு வருகிறது. எண்பது துணிகளை இதழ் இதழாக இணைத்தால் ஒரு குடை.

போன வாரம் ஒரு சின்ன வேலை செய்தேன், இங்கே மட்டும் எழுதுகிறேன். என் கடையில் தையல் பார்க்கும் அக்கா சாப்பிடப் போயிருந்தாள். பதினேழாம் இதழில் அவள் தையல் நாலு விரல் நீளத்துக்குக் கோணியிருந்தது. தவறினால் தொடாதே, சிவப்புச் சீட்டு மாட்டி நிறுத்து என்பது விதி. நிறுத்தினால் பத்து நாள் போகும். பிரித்தேன், நேராகத் தைத்தேன். பிறகு மேலே நாடா வந்து மூடிவிட்டது. பழைய தையற்காரன் கை, சும்மா இருக்குமா?

ஜூன் 9

பாராசூட் வாங்குபவர்களின் பரிசோதகர் வந்தார். லென்ஸ் இல்லாமல் யாரையும் பார்க்க மாட்டார் என்பதால் நாங்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. எல்லோரையும் கூட்டி, இரண்டு துணித் துண்டுகளை இழுவை இயந்திரத்தில் மாட்டினார். முதலாவது எவ்வளவோ தாங்கியது. இரண்டாவது, பிரித்துத் தைத்தது. தபால்தலையைக் கிழிப்பது மாதிரி ஓட்டை வரிசையிலேயே போயிற்று.

“ஊசி போன ஓட்டை மூடாதுங்க. பக்கத்துலயே இன்னொரு வரிசை போட்டா துணி எங்க இருக்கு?” என்றார். “இங்க யாராவது அப்படிச் செஞ்சிருக்கீங்களா?”

“எங்க கடையில அந்தப் பழக்கமே இல்லைங்க” என்றாள் அக்கா.

நான் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 10

சோறு இறங்கவில்லை. “சுகர் பாத்தீங்களா?” என்கிறாள் மனைவி.

ஜூன் 12

வியாபாரம் பேசுவது போல் பூதக்கண்ணாடியிடம் போனில் கேட்டேன். கலத்தின் மூன்று பாராசூட்டில் ஒன்று கிழிந்து போனாலும் இரண்டு போதுமாமே? போதும் என்றார். அப்பாடா என்பதற்குள், “கிழிஞ்சது போய்ப் பக்கத்துல இருக்கறதோட சிக்காம இருந்தா” என்றார்.

ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சேன். நாலு விரல். நாலே விரல்தானே. ஒன்றும் ஆகாது. ஆகாதா? அந்த மூன்று பேரின் முகமும் எனக்குத் தெரியாது. தெரியாதது நல்லது என்று நினைக்கிறேன்.

சொன்னால் அடுத்த ஆர்டர் போகும், நாற்பது பெண்களுக்கு வேலை போகும். சொல்லாவிட்டால்? பதினேழின் பதிவுத் தாளில் கையெழுத்து அக்காவுடையது. கேள்வி கேட்பவன் முதலில் அவளிடம்தான் வருவான்.

ஜூன் 14

அக்காவை அலுவலக அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். வாயைத் திறக்குமுன் அவளே,

“பதினேழா?” என்றாள்.

தலையை ஆட்டினேன்.

“நான் சாப்பிடப் போகலடா. சிவப்புச் சீட்டு எடுக்கப் போனேன். வந்து பாத்தா கோணல் நேராயிருக்கு. பேயா வந்து தைக்கும்? முடிச்சப் பாத்தாலே நீதான்னு தெரிஞ்சுது.”

“அப்புறம் ஏன் அவருகிட்ட அப்படிச் சொன்ன?”

“தம்பிய நாலு பேர் முன்னாடி காட்டிக் குடுக்கவா? நீயே சொல்லுவேன்னு அஞ்சு நாளா உன் மூஞ்சியப் பாத்துட்டிருக்கேன். முதலாளி ஆனதும் ஊசியத் தொடாதேன்னு அன்னைக்கே சொன்னேன், கேட்டியா?”

பிறகு அவளும் அழுதாள். அவளுக்கும் என்னைப் போலவே பயம். தெரிந்தே மேலே நாடாவை வைத்துத் தைத்தது அவள் கை.

ஜூன் 16

பூதக்கண்ணாடிக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, “எந்த இதழ்? விளிம்புலேர்ந்து எவ்வளவு தூரம்?” அவ்வளவுதான் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 27

குடையைப் பிரித்து அந்தத் தையலை வெட்டி இழுத்துப் பார்த்தார்களாம். தாங்க வேண்டியதில் பாதிக்குச் சற்று மேலே கிழிந்தது. காகிதத்தில் எண்ணைப் பார்த்ததும் படியில் உட்கார்ந்தேன்.

மொத்தக் குடையும் ஒதுக்கப்பட்டது. அடுத்த ஆர்டர் நிறுத்தம். தையல் கூடத்துக்குள் நான் போகக் கூடாது. அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம். அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, “பரவால்ல, உனக்குத்தான் பெரிய கடிதம்” என்றாள்.

ஜூலை 8

நடந்ததைப் பெண்களிடம் வாசலில் நின்றே சொல்லியிருந்தேன். இன்று காலை ஒருத்தி வந்து நூல் மாறிவிட்டது என்றாள். துணி கூடத்திலேயே இருந்தது, ஒதுக்கினோம். மதியம் பட்டை தைக்கும் பெண் வந்து நின்றாள். அவளுடையது கலத்தில் ஆட்களைக் கட்டும் இருக்கைப் பட்டை. போன மாதமே அனுப்பியாயிற்று.

“ரெண்டு தையல்தான் மொதலாளி. பிரிச்சேன். சொல்லப் பயமா இருந்துச்சு.”

பூதக்கண்ணாடியின் எண்ணை அழுத்தினேன். மணி அடிக்கும்போதே நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு அவளை உட்காரச் சொன்னேன். எந்த இடம் என்று அவள்தானே சொல்ல வேண்டும்.