இல்லாத கட்டி

2024 ஜூலை 9, செவ்வாய்

ஆபரேஷன் முடிந்து ஆறு நாள். திருப்பதியிலிருந்து சித்தூர் வீட்டுக்கு வந்து மூன்று நாள்.

முப்பது மில்லி பிடிக்கும் மருந்து மூடியில் தண்ணீர். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு மூடி. காலையிலிருந்து இருபத்தாறு மூடி ஆயிற்று. நர்ஸ் தெலுங்கில் 'மெல்லகா, மெல்லகா' என்று சொல்லி அனுப்பினாள். மெல்லத்தான் குடிக்கிறேன். வேறு வேலை இல்லை.

பசி இல்லை. நாற்பத்து நான்கு வயதில் பசி இல்லாத நாள் ஒன்றுகூட நினைவில் இல்லை. டைஃபாய்டு வந்தபோதும் பசித்தது. இப்போது இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டார்கள். வெளியே ஐந்து சின்னத் தையல்கள்தான் தெரிகின்றன.

மகள் ஸ்வீட்டி ஆம்லெட் போட்டாள். வாசனை வந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவள்தான் கூச்சப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டாள்.

எடை 119.2. போகும்போது 124.

ஜூலை 14, ஞாயிறு

என் கணவர் ஸ்டீவன் மட்டும் சர்ச்சுக்குப் போய் வந்தார். அவர் வாரம் முழுக்க சத்தியவேட்டில் ரூம் எடுத்துத் தங்கி ஸ்ரீசிட்டி ஃபேக்டரிக்குப் போகிறவர். சனி இரவு வந்து திங்கள் விடிகாலையில் கிளம்பிவிடுவார்.

"யூனிஸ், உனக்காக ஜெபம் பண்ணாங்க. வயித்துல கட்டின்னு பாஸ்டர் ஐயர் சொன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்த சொல்ல? ஆமென் சொன்னேன்."

இது எங்கிருந்து கிளம்பியது என்று தெரியும். லீவு லெட்டரில் 'வயிற்றில் அறுவை சிகிச்சை' என்று மட்டும் எழுதியிருந்தேன். ஹெட்மாஸ்டர் நாகபூஷணம் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கடுபுலோ கட்டா அம்மா?" என்றார். வயிற்றில் கட்டியா என்று. நான் தலையாட்டினேன். அவ்வளவுதான்.

ஏன் ஆட்டினேன்? போன வருடம் இந்தி டீச்சரின் நாத்தனார் உடம்பு இளைக்க இதே ஆபரேஷன் செய்துகொண்டாள். ஸ்டாஃப் ரூமில் ஒரு வாரம் அந்தப் பேச்சுதான். வாயை அடக்கத் தெரியாதவள் வயிற்றை அறுத்துக்கொண்டாள் என்று சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். எல்லோரையும்விடப் பெரிய உடம்பை வைத்துக்கொண்டு.

ஜூலை 29, திங்கள்

பள்ளிக்குத் திரும்பினேன். 114.6.

லேபில் எனக்கு ஒரு நாற்காலி போட்டு, மேலே மடித்த போர்வை விரித்து வைத்திருந்தாள் அகிலா. எங்கள் லேப் அட்டெண்டர். விஜயபுரத்துப் பெண்; பதினோரு வருடமாக என்னோடு இருக்கிறாள். பியூரெட்டைத் தொடவிடவில்லை. "நீங்க ஒக்காந்துகினே சொல்லுங்க டீச்சர், நான் செய்றேன்" என்றாள்.

என்ன கட்டி என்று அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ?

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சர்ச். ரூபா ஆன்ட்டி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "பாதியா எளைச்சிட்டியே கண்ணு" என்றார். பதினான்கு கிலோவுக்கு அழுதார். அதற்காகத்தான் ஆபரேஷனுக்கே போனேன் என்று எப்படிச் சொல்வது?

குணமானதற்கு முன்னால் வந்து சாட்சி சொல்ல ஐயர் கூப்பிட்டார். தொண்டை சரியில்லை என்றேன். இது இரண்டாவது பொய்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

நாலு வாய் சாதம். நாலே நாலு. அவசரமாத் தின்னுட்டேன், அஞ்சாவது பீரியட் பெல் அடிச்சிடும்னு. நெஞ்சுல கல்லு மாதிரி நின்னுது. பாத்ரூம்ல நுரை நுரையா எச்சில், அரை மணி நேரம். வெளியே அகிலா கதவைத் தட்டிக்கினே இருந்தா — "டீச்சர், ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணட்டா? டீச்சர்?" எதுக்குடா இதெல்லாம்னு இருந்தது.

செப்டம்பர் 17, செவ்வாய்

105.8. இருபத்து மூன்று நாளாக 105.8.

புரதப் பொடி, முட்டை வெள்ளை, பருப்புக் கடைசல், முக்கால் மணி நேர நடை. எதையும் தவறவிடவில்லை. டயட்டீஷியனுக்கு போன் செய்தேன். பொறுமையாக இருங்கள், உடம்பு பழகிக்கொள்கிறது என்றாள். எல்லோருக்கும் இதையே சொல்வாள் போல.

தலையணை முழுக்க முடி. மூன்றாம் மாதத்தில் கொட்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஸ்டாஃப் ரூமில் என் தலையைப் பார்த்துவிட்டு எல்லோரும் பார்வையைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

செப்டம்பர் 24, செவ்வாய்

கடைசி பீரியட் முடிந்து பிள்ளைகள் போன பிறகு அகிலா லேப் கதவைச் சாத்தினாள். ஒரு பிளாஸ்டிக் கவரை மேஜைமேல் வைத்தாள். திருப்பதி ஆஸ்பத்திரி ரிப்போர்ட். இடது மார்பில் கட்டி. கேன்சர்தான்.

"ஆபரேஷன் பண்ணணும்ன்றாங்க. தசரா லீவுல பண்ணிக்கலாம்னு இருக்கறேன்."

நான் ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தேன்.

"பயந்துதான் போயிருப்பேன். உங்களப் பாத்துக்கினு இருக்கறதால பயம் இல்ல டீச்சர். நீங்க இருபத்தஞ்சி நாள்ல வேலைக்கு வந்துட்டீங்களே. உங்களுக்கு எத்தினி கீமோ ஊசி போட்டாங்க?"

"எனக்கு ஊசி இல்ல."

அது ஒன்றுதான் உண்மை. மற்றதையும் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தில் வந்த தெளிவைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

செப்டம்பர் 28, சனி

ஸ்டீவனிடம் சொன்னேன். அவர், "இப்ப சொல்லி அந்தப் பொண்ணு தைரியத்த ஏன் கெடுக்கற? ஆபரேஷன் முடியட்டும்" என்றார். ஸ்வீட்டி ஒரே வார்த்தை: "அசிங்கம் மம்மி."

ஸ்டீவன் சொன்னது வசதியாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

104.9. கடைசியில் நகர்ந்தது. சந்தோஷமாக இருந்தது. காலண்டரில் எழுதப் போனபோதுதான் இன்று அகிலாவுக்கு ஆபரேஷன் என்று ஞாபகம் வந்தது.

நவம்பர் 4, திங்கள்

அகிலா இன்னும் லீவில்தான் இருக்கிறாள். இன்று அவள் கணவர் எத்திராஜ் லேப் வாசலில் வந்து நின்றார். மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் வேலை. கையில் ஹெல்மெட். உள்ளே வந்து உட்காரவில்லை.

"ஊசி வேணாம்ன்றா டீச்சர். யூனிஸ் டீச்சருக்கு ஊசி இல்லாமயே சரியாச்சி, எனக்கும் ஆவும்ன்றா. முடி போயிடும், வாந்தி வரும்னு யாரோ சொல்லிக்கிறாங்க. டாக்டரு ஒரு மாசத்துல ஆரம்பிச்சே ஆவணும், இல்லன்னா திரும்ப வந்துடும்ன்றாரு. நான் சொன்னா கேக்கமாட்டேன்றா. நீங்க சொன்னா கேப்பா."

நாளைக்கு வருகிறேன் என்றேன். அவர் கும்பிட்டார். ஹெல்மெட்டோடு சேர்த்துக் கும்பிட்டார்.

நவம்பர் 5, செவ்வாய்

பள்ளி விட்டதும் ஆட்டோவில் போனேன். வழியெல்லாம் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

அவள் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு இடது கை விரல்களால் சுவரில் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை மேலே போக அந்தப் பயிற்சி. சுவரில் பென்சிலால் தினமும் ஒரு கோடு. இன்றைய கோட்டை எனக்குக் காட்டினாள். நேற்றையதைவிட ஒரு விரற்கடை மேலே.

"அகிலா, எனக்குக் கட்டி எதுவும் வரல."

"அதான் எடுத்துட்டாங்களே."

"எடுக்கல. இருந்ததே இல்ல. உடம்பு எளைக்கறதுக்குப் பண்ணிக்கிட்ட ஆபரேஷன். இரைப்பையைச் சின்னதா ஆக்கிட்டாங்க. அதனாலதான் சாப்பிட முடியல, அதனாலதான் முடி கொட்டுது."

அவள் விரல்கள் சுவரிலேயே இருந்தன.

"கேன்சர் இல்லியா?"

"இல்ல."

"ஊசி போடலன்னீங்களே."

"எதுக்குப் போடுவாங்க? எனக்கு நோயே இல்லையே. உனக்கு இருக்கு. என்னைப் பாத்து நீ முடிவு பண்ணக் கூடாது. டாக்டர் சொல்றபடி போட்டுக்கோ."

கட்டிலில் உட்கார்ந்தாள். "எங்க வூட்டு ஆளு காணிப்பாக்கம் புள்ளையார் கோயிலுக்குப் போயி உங்களுக்காக ஒம்போது தேங்கா ஒடைச்சாரு" என்றாள்.

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"அப்ப நான் யாரப் பாத்து தைரியம் வச்சிக்கினேன் டீச்சர்?"

எதையோ சொல்ல ஆரம்பித்தேன்.

"கெளம்புங்க. எனக்குப் படுக்கணும்."

ஒரு தடவ தலையாட்டினது. அவ்ளோதானே. அவ்ளோதானா? நாலு மாசமா தெனமும் ஆட்டிக்கினுதானே இருந்தேன் — அவ போர்வைய மடிச்சிப் போட்டப்ப, கதவத் தட்டினப்ப. இன்னிக்கு அவ ஊசியே வேணாம்னு செத்துப் போனா நான் என்ன பண்ணுவேன்?

நவம்பர் 7, வியாழன்

எடை பார்க்கவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

ஐயரிடம் முன்பே சொல்லிவிட்டு, ஆராதனை முடிந்ததும் முன்னால் போய் நின்றேன். கட்டி இல்லை, உடல் எடைக்கான ஆபரேஷன், நீங்கள் நினைத்ததை நான் திருத்தாமல் விட்டேன், மன்னியுங்கள். நான்கு வாக்கியம். மைக் கொஞ்சம் கீச்சிட்டது.

ரூபா ஆன்ட்டி என் பக்கம் வராமலே வெளியே போனார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது மூன்று பேர் தனித்தனியாக வந்து, குரலைத் தாழ்த்தி, டாக்டர் நம்பர் கேட்டார்கள்.

ஸ்டீவன் வீடு வந்ததும், "அன்னிக்கு நான் ஆமென் சொல்லியிருக்கக் கூடாது" என்றார்.

நவம்பர் 12, செவ்வாய்

ஸ்டாஃப் ரூமிலும் சொன்னேன். நாகபூஷணம் சார் யோசித்துவிட்டு, லீவு லெட்டரில் தப்பாக ஒன்றும் எழுதவில்லையே, பைலை மாற்ற வேண்டியதில்லை என்றார். அது ஒன்றுதான் அவர் கவலை. இந்தி டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. அவளிடம் தனியாகப் பேச வேண்டும்.

அகிலாவிடமிருந்து ஒன்றும் இல்லை. எத்திராஜுக்கு இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

அகிலாவின் போன்.

"ஊசிக்கு ஒத்துக்கினேன்" என்றாள். "டிசம்பர் அஞ்சாம் தேதி. எங்க வூட்டு ஆளுக்கு லீவு குடுக்கமாட்டேன்றாங்க. கூட ஒரு பொம்பள இருக்கணுமாம். உங்களுக்குத் திருப்பதி ஆஸ்பத்திரியெல்லாம் தெரியும். வரீங்களா?"

"வரேன்."

"கோவம் போயிடிச்சின்னு நெனைச்சிக்காதீங்க."

"நினைக்கல."

டிசம்பர் 5, வியாழன்

முதல் ஊசி. காலை ஒன்பதரைக்கு ஏற்ற ஆரம்பித்து இரண்டரைக்கு முடிந்தது. அவள் கண்ணை மூடியிருந்தாள். நான் பத்தாம் வகுப்பு பேப்பர் திருத்தினேன்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் ஒரு பிளேட் இட்லி வாங்கினேன். அவளுக்கு ஒன்று போதும் என்றாள். எனக்கும் ஒன்றுதான் இறங்கும். அரை மணி நேரம் ஆயிற்று இரண்டு பேருக்கும். கடைக்காரர் இட்லியில் என்னம்மா குறை என்று இரண்டு முறை வந்து கேட்டார்.

டிசம்பர் 27, வெள்ளி

நேற்று இரண்டாவது. அகிலாவுக்கு முடி முழுக்கப் போய்விட்டது. ஸ்கார்ஃப் கட்டியிருந்தாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு மொளைக்குதே" என்றாள். குற்றம் சொல்லும் குரலா என்று தெரியவில்லை. முளைக்கிறது; நெற்றியோரம் குட்டை குட்டையாக, சீப்புக்கு அடங்காமல்.

97.3.

2025 ஜனவரி 17, வெள்ளி

மூன்றாவது ஊசி, நேற்று. பக்கத்துக் கட்டிலில் நகரி ஊர்க்காரம்மா ஒருவர், என்னைக் காட்டி, "இவங்களுக்கு எங்க?" என்று கேட்டார். எங்கே கேன்சர் என்று.

நான் வாயைத் திறக்கும் முன் அகிலா சொன்னாள்: "இவங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. நல்லா இருக்கறாங்க. எங்க டீச்சர்."

சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஊசி ஏறும் கை ஆடுகிறது என்று நர்ஸ் திட்டினாள்.

பிப்ரவரி 6, வியாழன்

நான்காவது. ரத்தத்தில் வெள்ளை அணு போதிய அளவு இருக்கிறது, தள்ளிப்போட வேண்டாம் என்றார்கள். இன்னும் இரண்டு பாக்கி. பிறகு ஸ்கேன். அதற்கப்புறம் என்ன என்று டாக்டரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

என் எடை இன்று காலை 94.0. போன வாரமும் 94.0. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

நாலு மணி சித்தூர் பஸ். மூன்று பேர் சீட்டில் அகிலாவை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். கிளம்பியதுமே தூங்கி என் தோளில் சாய்ந்தாள். சந்திரகிரியில் கூட்டம் ஏறியது. பூக்கூடையோடு ஒரு அம்மாள் வந்து நின்று, "கொஞ்செம் ஜரகம்மா" என்றாள், கொஞ்சம் நகரச் சொல்லி.

நான் மூன்று பேர் சீட்டில் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு நின்றுகொண்டேதான் வருவார். இருபது வருடமாக அப்படித்தான். இவள் என்னைப் பார்க்கவே இல்லை. நான் நகர்ந்தேன். அவள் உட்கார்ந்தாள், கூடையை மடியில் வைத்துக்கொண்டாள், கொட்டாவி விட்டாள். அவள் முழங்கை என் விலாவில் குத்திக்கொண்டே இருந்தது.

அகிலா எழுந்துவிடுவாளே என்று பூதலப்பட்டு வரும்வரை நான் அசையவில்லை.