என் கால்மேல் போட்ட பழி

வாசலிலிருந்து பிரேக் ஆயில் வாசனை வந்ததும் உங்கள் ஞாபகம் வந்தது. கூடவே கோபமும் வந்தது. திண்டிவனத்தில் நம் மகன் வீட்டில்தான் இருக்கிறேன். அவன் தன் பெண்டாட்டியின் காருக்கு முன்சக்கரத் தட்டுகளைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் கேலிப்பர் இரண்டையும் புதிதாக மாட்டிவிட்டு, உங்களைப் போலவே தரையில் படுத்துக்கொண்டு, பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியே விட ஏர் எடுத்துக்கொண்டிருந்தான். உள்ளே உட்கார்ந்து மிதிக்கிறவள் மருமகள்.

"மிதி... மிதி... பிடி."

அவள் மிதித்துப் பிடித்தாள். அவன் கேலிப்பரில் காற்றை வெளியே விடுகிற நிப்பிளைத் திறந்தான், ஆயில் ஒழுகியது, மூடினான். எத்தனை முறை செய்தும் பெடல் பஞ்சு மாதிரி அடிவரை போனது.

"நான் மூடறதுக்குள்ள காலை எடுத்துடற. அதான் காத்து உள்ள போவுது," என்றான்.

"எடுக்கலைங்க."

"எடுக்காமத்தான் இப்படி இருக்குதா?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விழுப்புரத்தில் நம் வாடகை வேனில் நான் மிதித்தபோது நீங்களும் இதைத்தானே சொன்னீர்கள்? மேல்சித்தாமூர் சவாரிக்காரர்கள் காத்திருக்க, தெருவே கேட்க, "என்னாத்த மிதிக்கிற? கேப்பைக் கதிரா மிதிச்சிக்கினு இருக்கிற?" என்றீர்கள். அவர்கள் வேறு வண்டி பிடித்துப் போய்விட்டார்கள். மறுநாள் சத்தமில்லாமல் இரண்டு கேலிப்பரையும் கழற்றி, இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டினீர்கள். தரையைப் பார்த்திருந்த நிப்பிள் அப்போது மேலே பார்த்தது. மிதித்தது அதே கால்தான். பெடல் கல்லாக நின்றது. "நேத்து பக்கம் மாத்தி மாட்டியிருந்தீங்களா?" என்று கேட்டேன். "போயி சோத்தை ஆக்கு," என்றீர்கள். அதற்கப்புறமும் கல்யாணம், ஞானஸ்நானம் என்று போகிற இடமெல்லாம், "இவ மிதிச்ச மிதியில ஒரு சவாரியே போச்சு," என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

"சரி உடு, ஓட ஓட இறுகிக்கும்," என்றான் மகன். விடிந்தால் அவள் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஒலக்கூருக்கு வேலைக்கு ஓட்டிக்கொண்டு போகிறவள்.

"நிப்பிள் மேல பாக்குதா, கீழ பாக்குதா?" என்றேன்.

குனிந்து பார்த்தான். "கீழ. ஏம்மா?"

"காத்து மேலதானடா நிக்கும்? கீழ தொறந்தா ஆயில்தான் வரும். ரெண்டையும் பக்கம் மாத்தி மாட்டிக்கினு அவ காலைக் குத்தம் சொல்ற. உங்கப்பன் புத்தி."

கழற்றி மாற்றி மாட்டினான். மறுபடி ஏர் எடுத்ததும் பெடல் நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு, "ம், இப்ப ஓட்டிப் பாரு," என்றான், ஒன்றும் நடக்காதவன் போல.

நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். "யார் மேல தப்புன்னு சொல்லு. அப்புறம் அவ வண்டிய எடுக்கட்டும்."

"என் மேலதாம்மா."

"என்கிட்ட ஏன்டா சொல்ற?"

அவள் பக்கம் திரும்பினான். "நான்தான் மாத்தி மாட்டிட்டேன். நீ சரியாத்தான் மிதிச்ச."

"தெரியும்," என்றாள் அவள். நான் வழிவிட்டேன்.

அவ்வளவுதான். சொன்னதால் அவன் மீசை ஒன்றும் உதிர்ந்துவிடவில்லை. நீங்கள் மட்டும் சொல்லாமலே போய்ச் சேர்ந்தீர்கள். கல்லறைத் திருநாளுக்கு வருவேன், மெழுகுவர்த்தி ஏற்றுவேன், பூ வைப்பேன். அந்தக் கோபத்தை மட்டும் திரும்ப வீட்டுக்கே எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.